குற்றமற்ற கொலைகாரனும் அவனுடைய வாசகர்களும்

2000 பிப்ரவரியில் 'சலோன்' என்கிற அமெரிக்க இதழில் ஒரு நேர்காணல் வந்தது. எடுத்தவர் டோனா மின்கோவிட்ஸ். நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில் எழுதிவந்தவர்; தன்பாலீர்ப்புள்ள பெண். கிறிஸ்தவ ஆண்கள் மட்டுமே கூடுகிற ஒரு மதவாதப் பேரியக்கத்தின் கூட்டத்துக்குள் பையன் வேஷம் போட்டு நுழைந்து, பார்த்ததை எழுதியவர். எதிராளி வாயிலிருந்து என்ன வரும் என்று தெரிந்தவர், சுலபத்தில் அதிர்ந்துபோகிற ஆள் இல்லை. அவர் இந்த நேர்காணலில் நிலைகுலைந்து போனார். ஏனென்றால் மறுபக்கத்தில் இருந்தவர் எதிராளியாக வந்தவர் இல்லை. மின்கோவிட்ஸ் கொண்டாடிய நாவலான 'எண்டர்ஸ் கேம்' எழுதியவர் - ஆர்சன் ஸ்காட் கார்ட். பிடித்த எழுத்தாளர், மோசமான நேர்காணல் என்று பொருள்படத் தலைப்பு வைத்து அதை வெளியிட்டார்கள்.

நம்மூர் இலக்கியக் கூட்டமாக இருந்தால் இந்த இடத்தில் ஒருத்தர் எழுந்து 'படைப்பைப் பாருங்க, படைப்பாளியை விடுங்க' என்று முடித்துவைத்திருப்பார். கோட்பாடு படித்தவராக இருந்தால் இதையே 'ஆசிரியன் செத்து ரொம்ப நாளாச்சு' என்று சொல்லியிருப்பார். எதிர்த்தரப்பில் இன்னொருத்தர் 'இப்படிப்பட்ட ஆளோட புத்தகத்தைத் தொடவே கூடாது' என்பார். மூன்று பேருக்கும் ஒரு பொதுவான நம்பிக்கை இருக்கிறது: பிரதி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், நடுவே கத்தி வைத்து வெட்டலாம், எந்தத் துண்டை வைத்துக்கொள்வது என்பதுதான் பிரச்சினை. கார்டின் பால்புதுமை வாசகர்களுக்கு இந்தக் கத்தி வேலை செய்யவில்லை. அவர்கள் எந்த இடத்தில் ஆறுதல் கண்டார்களோ அதே இடத்திலிருந்துதான் அடியும் வந்தது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

1977இல் 'அனலாக்' இதழில் சிறுகதையாக வந்தது 'எண்டர்ஸ் கேம்'. 1985இல் நாவலாக விரிந்தது. விஞ்ஞானப் புனைகதைக்கான ஹ்யூகோ, நெபுலா என்கிற இரண்டு பெரிய பரிசுகளையும் வாங்கியது. அடுத்த வருஷம் வந்த இரண்டாம் நாவலும் அதே இரண்டையும் வாங்கியது. பள்ளிகளில் பாடமாக வைத்தார்கள். அமெரிக்க மரைன் படை தன் ஆட்களுக்குத் தரும் வாசிப்புப் பட்டியலில்கூட அது ஏறியது. (ஒரே புத்தகம் பள்ளிக்கூடத்துப் பயந்த பையனுக்கும் துப்பாக்கி தூக்குகிறவனுக்கும் எப்படிப் பிடிக்கிறது என்பது தனியாக யோசிக்க வேண்டிய விஷயம். கடைசியில் ரெண்டும் ஒண்ணாத்தான் வந்து நிற்கும்.)

கதை இதுதான். பூச்சியைப் போன்ற ஒரு வேற்றுலக இனம் மனிதர்களை முன்பே தாக்கியிருக்கிறது. அடுத்த போருக்கான தளபதியைக் குழந்தைப் பருவத்திலேயே பொறுக்கியெடுக்கிறது ராணுவம். குடும்பத்துக்கு இரண்டு பிள்ளைதான் என்று சட்டமிருக்கும் காலம். அரசின் தனி அனுமதியோடு பிறந்த மூன்றாவது பிள்ளை எண்டர். 'மூணாவது' என்பதே அங்கே வசைச்சொல். அவன் பார்ப்பதையும் கேட்பதையும் அதிகாரிகள் அறியும்படி உடம்பில் ஒரு கண்காணிப்புக் கருவி. ஆறு வயதில் விண்வெளியில் உள்ள போர்ப்பள்ளிக்குக் கொண்டுபோகிறார்கள். மற்ற பையன்கள் அவனை வெறுக்கும்படி பெரியவர்களே ஏற்பாடு செய்கிறார்கள். யாரும் எப்போதும் உதவிக்கு வரமாட்டார்கள் என்று அவன் நம்ப வேண்டும். அதான் பாடத்திட்டம்.

நாவலில் ஓரிடத்திலும் தன்பாலீர்ப்பு என்ற பேச்சு கிடையாது. ஆனால் 1985ஐ நினைத்துக்கொள்ளுங்கள். எய்ட்ஸ் பரவிக்கொண்டிருக்கிறது. அந்த அக்டோபரில் ராக் ஹட்சன் என்ற நடிகர் அந்த நோயால் செத்துப்போகிறார். அடுத்த வருஷம், 1986 ஜூன் 30 அன்று, தன் படுக்கையறையில் இன்னொரு ஆணோடு இருந்ததற்காகக் கைதான அட்லாண்டாக்காரர் ஒருவரின் வழக்கில், அவரைப் பிடிக்க வழிசெய்த ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொல்கிறது. அந்த வருஷங்களில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தன்னைப் பற்றிச் சொல்லும் புத்தகம் பள்ளி நூலகத்தில் சுலபத்தில் கிடைக்காது. கிடைத்தது எண்டர். பிறப்பிலேயே 'அதிகப்படி'யான ஒருவன். எப்போதும் கண்காணிக்கப்படுகிறவன். ஓய்வறையில், குளியலறையில், நடைபாதையில் சூழ்ந்துகொள்ளப்படுகிறவன். வீட்டிலேயே அண்ணனுக்குப் பயந்தவன். உள்ளே என்ன நினைக்கிறான் என்பதை யாருக்கும் காட்டாமல் வாழக் கற்றுக்கொள்கிறவன். பிரதி இவனை ஓரிடத்தில்கூடக் கேலி செய்வதில்லை. 'உன்னிடம் குறையில்லை, அவர்கள் உன்னைப் பார்க்கும் விதத்தில்தான் குறை' என்கிறது.

நுட்பமான இடமொன்று உண்டு. எண்டரின் நண்பன் அலாய் பிரிகிற நேரத்தில் அவன் கன்னத்தில் முத்தமிட்டு, காதில் 'சலாம்' என்கிறான். முகம் சிவந்து திரும்பிக்கொள்கிறான். முத்தமும் சொல்லும் எப்படியோ தடைசெய்யப்பட்டவை என்று எண்டருக்குப் படுகிறது. நாவலின் தர்க்கத்தில் அது அடக்கிவைக்கப்பட்ட மதத்தைக் குறிக்கிறது, உடலாசையை அல்ல. ஆனால் தடைசெய்யப்பட்ட முத்தம் என்பதை மதமாக மட்டும் வாசி என்று ஒரு பிள்ளையிடம் யார் சொல்ல முடியும்? அந்தப் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். விளிம்பிலுள்ளவர்கள் எல்லாக் காலத்திலும் இப்படித்தான் வாசித்திருக்கிறார்கள்.

சொல் ஒன்றையும் இங்கே கவனிக்கலாம். வேற்றுலக இனத்துக்கு நாவல் வைத்த பெயர் 'பக்கர்'. பூச்சிக்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து எடுத்தது. ஆனால் அதே ஒலியுள்ள சொல் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஆணோடு புணரும் ஆணுக்கான பழைய வசை. 1533இல் எட்டாம் ஹென்றி கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல்தான் இருக்கிறது. (நம்ம 377ஆம் பிரிவுக்கு அது முப்பாட்டன் முறை.) பிந்தைய நூல்களிலும் திரைப்படத்திலும் 'ஃபார்மிக்' என்று மாற்றிக்கொண்டார்கள். ஆசிரியர் தெரிந்து வைத்தாரா என்பது முக்கியமில்லை. பூண்டோடு அழிக்கப்பட வேண்டிய இனத்துக்கு அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

இறுதியில் எண்டர் அந்த இனத்தை அழித்துவிடுகிறான். பயிற்சி விளையாட்டு, கடைசித் தேர்வு என்று நம்பி ஆடியது நிஜமான போர் என்று பிறகுதான் சொல்கிறார்கள். அழிந்த இனத்தின் ராணி தனக்காக விட்டுச்சென்ற ஒற்றைக் கருக்கூட்டை அவன் கண்டெடுக்கிறான். அவர்கள் பக்கத்துக் கதையை எழுதுகிறான். தன் பெயர் போடாமல், 'இறந்தோருக்காகப் பேசுபவன்' என்ற கையெழுத்தோடு.

1986இல் வந்த இரண்டாம் நாவலின் பெயரும் அதுதான். கதைக்குள் மூவாயிரம் வருஷம் ஓடிவிட்டது. ஒளிவேகப் பயணத்தால் எண்டருக்கு மட்டும் முப்பத்தைந்து வயது. இப்போது உலகங்கள் முழுக்க இரண்டு நம்பிக்கைகள் உண்டு. 'எண்டர்' என்றால் இனக்கொலைகாரன், பெயர் சொன்னாலே காறித் துப்புவார்கள். அந்தப் பெயரில்லாப் புத்தகமோ கிட்டத்தட்ட வேதம். ரெண்டு பேரும் ஒரே ஆள் என்பது யாருக்கும் தெரியாது. நேசிக்கும் நூலை எழுதியவன் தாங்கள் வெறுக்கும் ஆள்தான் என்று அறியாத வாசகர்கள்! பின்னால் தன் வாசகர்களுக்கு வரப்போகும் சங்கடத்தைத் தலைகீழாக கார்ட் 1986இலேயே எழுதிவைத்துவிட்டார்.

அந்நியர்களை நான்காகப் பிரிக்கும் அளவுகோல் ஒன்றும் அந்த நாவலில் வருகிறது. நம் உலகத்திலேயே வேறு ஊர்க்காரன். வேறு உலகத்து மனிதன். வேறு இனம், ஆனால் பேசிப் புரிந்துகொள்ள முடிகிற இனம். பேச்சுக்கே இடமில்லாத இனம். கடைசி இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடுதான் உயிர்ப் பிரச்சினை. ஒன்றோடு வாழலாம், மற்றதைக் கொல்லலாம். அந்தக் கோடு மதிப்பிடப்படுகிறவரிடத்தில் இல்லை, மதிப்பிடுகிறவரிடத்தில்தான் இருக்கிறது என்று நாவல் அழுத்திச் சொல்கிறது. மற்றமை பற்றி நாம் இங்கே லெவினாஸையும் ஃபூக்கோவையும் புரட்டிச் சொன்ன விஷயத்தை, ஒரு வெகுஜன நாவல் விண்கலத்தில் ஏற்றிப் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறது.

இனி 1990. சால்ட் லேக் சிட்டியிலிருந்து வரும் 'சன்ஸ்டோன்' என்ற மார்மன் சிந்தனை இதழின் பிப்ரவரி இதழில் கார்டின் கட்டுரை வெளியாகிறது. அவர் பிரிகாம் யங்கின் வம்சத்தில் வந்தவர். இளவயதில் சபையின் ஊழியராக பிரேசிலில் இருந்தவர். கட்டுரை தன் சபையாரை நோக்கி எழுதப்பட்டது. தன்பாலீர்ப்பை விடாமல் வாழ்ந்துகொண்டே தங்களை மார்மன் என்றும் சொல்லிக்கொள்கிறவர்கள் வேஷதாரிகள் என்பது அதன் மையம். பாவம் செய்து வருந்துகிறவருக்குச் சபையில் இடமுண்டு. மாறமாட்டேன் என்கிறவர் வெளியே போகட்டும். இதோடு நின்றிருந்தால் ஒரு சபையின் உள்விவகாரம் என்று விட்டிருக்கலாம். கார்ட் நாட்டுச் சட்டத்துக்குத் தாவுகிறார். தன்பாலுறவுக்கு எதிரான சட்டங்கள் ஏட்டில் இருக்க வேண்டும் என்கிறார். பிடிபடுகிற எல்லோர் மேலும் பாய்ச்ச வேண்டியதில்லை. தேவைப்படும்போது எடுத்து, மீறுகிறவர்களுக்குச் சமூகத்தில் சமமான குடிமக்களாக இடமில்லை என்று உணர்த்தினால் போதும்.

இந்த வாதம் நமக்குப் புதிதில்லை. 1860இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்த 377ஆம் பிரிவு நம் நாட்டில் இப்படித்தான் உயிர்வாழ்ந்தது. தண்டிக்கப்பட்டவர்கள் கொஞ்சம், மிரட்டப்பட்டவர்கள், பணம் பிடுங்கப்பட்டவர்கள், வாய்மூடி வாழ்ந்தவர்கள் ஏராளம். 2009இல் டெல்லி உயர்நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் திருப்பி மாட்டியது. வழக்குகள் கொஞ்சம்தானே, பாதிக்கப்படுகிறவர்கள் சிறு பகுதியினர்தானே என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் இருந்தது. 2018 செப்டம்பர் 6 அன்றுதான் வயதுவந்தோர் மனம் ஒப்பிச் செய்வது குற்றமில்லை என்றானது. பயன்படாத சட்டத்தின் பயன் என்ன என்று கேட்டால், அது ஏட்டில் கிடப்பதே அதன் பயன். கார்டுக்கு இது தெளிவாகத் தெரிந்திருந்தது.

அடுத்த வருஷம், 1991இல், 'எண்டர்ஸ் கேம்' திருத்திய பதிப்பு வருகிறது. அதற்கு கார்ட் நீண்ட முன்னுரை எழுதுகிறார். வாசகர் கடிதங்களைப் பற்றிப் பேசுகிறார். குழந்தைகள் இப்படியெல்லாம் பேசமாட்டார்கள், நினைக்கமாட்டார்கள் என்று எழுதிய ஒரு கல்வி ஆலோசகரைக் குறிப்பிட்டு, குழந்தைகளும் முழு மனிதர்கள்தான் என்பதைப் பெரியவர்களால் தாங்க முடிவதில்லை என்கிறார். இந்தப் புத்தகத்தில் தங்களைக் கண்டுகொண்ட சிறுவர்களின் கடிதங்களை நெகிழ்ந்து சொல்கிறார். கதை தன் ஒருத்தருக்குச் சொந்தமில்லை, வாசிப்பவரும் தானும் சேர்ந்து வாசிப்பவரின் நினைவில் கட்டுவதுதான் கதை என்கிற பொருளில் முடிக்கிறார்.

1990, 1991. ஒரே கை. ஒரு கட்டுரை 'நீ வெளியே போ' என்கிறது. ஒரு முன்னுரை 'வா, நாம் ரெண்டு பேரும் சேர்ந்து கட்டலாம்' என்கிறது. முன்னுரை லட்சக்கணக்கில் அச்சாகிப் பரவியது. கட்டுரை ஒரு சபையின் சிற்றிதழுக்குள் கிடந்தது. இரண்டும் ஒரே வாசகரின் கையில் சேர வருஷங்கள் பிடித்தன. மின்கோவிட்ஸின் நேர்காணல் இந்த இடைவெளி உடைந்த இடங்களில் ஒன்று.

ஒரே கையிலிருந்து இரண்டும் எப்படி வந்தன? 'முரண்பாடு, மனிதர்கள் அப்படித்தான்' என்று சொல்லிட்டுப் போகலாம். எனக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது. இங்கே முரண்பாடே இல்லை என்றுதான் சொல்வேன். 2004இல் ஜான் கெஸ்ஸல் என்ற விஞ்ஞானப் புனைகதையாளர் இந்த நாவலைப் பற்றி எழுதிய நீண்ட விமர்சனம் இதற்கு வழி திறக்கிறது. (1987இலேயே எலெய்ன் ராட்ஃபோர்ட் என்பவர் எண்டரை ஹிட்லரோடு வைத்துப் பார்த்து எழுதியிருந்தார், அதில் சூடு அதிகம்.) கெஸ்ஸல் கேட்பது: எண்டர் இரண்டு பையன்களைக் கையால் அடித்தே கொல்கிறான், ஓர் இனத்தையே அழிக்கிறான், ஆனாலும் நாவல் முழுக்க அவன் அப்பாவியாக இருப்பது எப்படி? தான் கொன்றுவிட்டான் என்பது அவனுக்குத் தெரியாதபடி கதை பார்த்துக்கொள்கிறது. அவன் விரும்பிச் செய்யவில்லை, வேறு வழியில்லை, மனதில் வெறுப்பில்லை. கீழே விழுந்தவனை மேலும் மேலும் உதைக்கும்போதும் நோக்கம் சுத்தம். அப்படியானால் ஒரு செயலின் அறத்தைத் தீர்மானிப்பது அதன் விளைவு அல்ல, செய்தவனின் உள்ளம். அந்த உள்ளத்தைப் பார்க்கும் ஜன்னல் கதைசொல்லியின் கையில்.

அடிபட்ட பிள்ளைக்கு இதைவிட இனிப்பான தத்துவம் கிடையாது. 'வெளியே என்ன பெயர் வைத்தாலும் நீ உள்ளுக்குள் சுத்தம்.' பள்ளிக்கூடமும் வீடும் சபையும் சேர்ந்து அழுக்கு என்று சொன்ன ஒரு பிள்ளை இதைப் பிடித்துக்கொண்டு பல வருஷம் நீந்தியிருக்கும். அதைக் குறைசொல்ல யாருக்கும் அருகதையில்லை.

ஆனால் அதே தத்துவத்தின் நிழலில்தான் ஆசிரியரும் நிற்கிறார். தான் யாரையும் வெறுக்கவில்லை, தனக்கு இப்படிப்பட்ட நண்பர்கள் உண்டு, தன் நாவல்களில் இவர்களைப் பரிவோடு எழுதியிருக்கிறேன் என்று கார்ட் திரும்பத் திரும்பச் சொன்னார். பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அதுதான் சிக்கலே. சட்டத்தை ஏட்டில் வை, சமமான குடிமக்களாக விடாதே என்று எழுதிவிட்டு, மனதில் வெறுப்பில்லை என்று உண்மையாகவே நம்ப முடிகிறது என்றால், அந்த நம்பிக்கைக்கு இடம்கொடுக்கும் அறம் எதுவோ அதுதான் எண்டரின் அறம். எண்டரை அப்பாவியாக்கும் பொறியே அவரையும் அப்பாவியாக்குகிறது. அவர் செத்தவனைப் பார்க்கவில்லை, தன் உள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதனால்தான் கத்தி வேலை செய்யவில்லை என்றேன். பிரதியிலிருந்து ஆசிரியரை வெட்டியெடுத்த பிறகும் பிரதிக்குள் அந்தப் பொறி ஓடிக்கொண்டே இருக்கும்.

மற்ற நாவல்களை வேகமாகக் கடந்துவிடலாம். 1980இல் வந்த 'சாங்மாஸ்டர்' ஓர் ஆணுக்கு இன்னோர் ஆண்மேல் வரும் காதலை இரக்கத்தோடுதான் எழுதுகிறது. ஆனால் ஒரே ஓர் இரவுக்குப் பின் ஒருவனுக்கு உயிர்போகும் வேதனை, மற்றவனுக்குக் காயடிப்பும் தற்கொலையும். 'ஹோம்கமிங்' வரிசையில் 1994இல் வந்த நூலில் ஸ்டொராப் என்ற தன்பாலீர்ப்புள்ள ஆண் வருகிறான்; பெண்ணைக் கட்டி, பிள்ளை பெற்று, குலத்தில் இடம்பிடிக்கிறான். இரக்கம் உண்டு, இடமும் உண்டு - விலை கட்டினால். 2008இல் ஒரு தொகுப்பிலும் 2011இல் தனி நூலாகவும் வந்த 'ஹாம்லெட்டின் தந்தை' என்ற குறுநாவல் இரக்கத்தையும் விட்டுவிட்டது. கிழ அரசன் சிறுவர்களைச் சீரழித்தவன், அந்தச் சிறுவர்கள் வளர்ந்து தன்பாலீர்ப்பாளர்கள் ஆகிறார்கள் என்று வாசிக்க இடம்கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியபோது, அரசன் குழந்தைகளைக் கெடுப்பவன் மட்டுமே, மற்றதற்கும் இதற்கும் முடிச்சுப் போடவில்லை என்றார் கார்ட். மறுபடியும் நோக்கம்.

இதற்குள் வெளியே காற்று மாறிவிட்டது. 2003 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986 தீர்ப்பைத் தூக்கியெறிந்தது. 2004 மே மாதம் மாசசூசெட்ஸில் ஒருபால் திருமணங்கள் சட்டப்படி நடக்கத் தொடங்கின. கார்டின் குரல் ஏறியது. 2008இல் 'மார்மன் டைம்ஸ்' இதழில், திருமணத்துக்கு விளக்கம் மாற்றும் அரசு தன் எதிரி, அதை வீழ்த்தவும் தயங்கமாட்டேன் என்கிற அளவுக்கு எழுதினார். 2009இல் ஒருபால் திருமணத்தை எதிர்க்கும் தேசிய அமைப்பு ஒன்றின் நிர்வாகக் குழுவில் சேர்ந்தார். 2013 வரை இருந்தார். இங்கே விஷயம் கருத்து என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. ஒரு வாசகர் தன் துணையை மணக்கும் உரிமைக்கு எதிராக வேலை பார்க்கும் அமைப்பில், அவருடைய இளமைக் காலத்துப் புத்தகத்தை எழுதியவர் உட்கார்ந்திருக்கிறார். வாங்குகிற ஒவ்வொரு பிரதிக்கும் காசு அந்தக் கைக்குப் போகிறது.

2013 இந்தக் கதையின் முடிச்சு. அந்த பிப்ரவரியில் டிசி காமிக்ஸ் நிறுவனம் சூப்பர்மேன் கதை எழுத அவரை அழைத்தது தெரிந்து எதிர்ப்பு எழுந்தது. படம் வரைய இருந்த ஓவியர் கிறிஸ் ஸ்ப்ரூஸ் மார்ச்சில் விலகிக்கொண்டார், கதை நின்றது. நவம்பர் 1 அன்று 'எண்டர்ஸ் கேம்' திரைப்படம் வரவிருந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த கீக்ஸ் அவுட் என்ற பால்புதுமை ரசிகர் குழு படத்தைப் புறக்கணிக்கச் சொன்னது. ஜூலையில் கார்ட் பத்திரிகைக்கு அறிக்கை கொடுத்தார்: கதை எதிர்காலத்தில் நடப்பது, இந்த அரசியலோடு அதற்குச் சம்பந்தமில்லை; ஜூன் மாதத் தீர்ப்புக்குப் பின் திருமணப் பிரச்சினையே முடிந்துபோன ஒன்று; வென்றவர்கள் தங்களோடு ஒத்துப்போகாதவர்களிடம் சகிப்புத்தன்மை காட்டுவார்களா என்று பார்ப்போம். சட்டத்தை ஏட்டில் வைத்திருங்கள் என்றவர் சகிப்புத்தன்மை கேட்கிறார்! லயன்ஸ்கேட் நிறுவனம் கார்டின் கருத்து தங்கள் கருத்தல்ல என்று சொல்லி, பால்புதுமையினருக்காக நிதி திரட்டும் சிறப்புக் காட்சி ஒன்று நடத்துவதாக அறிவித்தது. மூலதனத்துக்கு இது சின்ன வேலை. வலது கையால் வாங்கியதை இடது கையால் கழுவும்.

புறக்கணிப்பை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது முக்கியம். 'மில்க்' படத்துக்கு எழுதி ஆஸ்கர் வாங்கிய, மார்மன் குடும்பத்திலேயே பிறந்து வளர்ந்த, தன்பாலீர்ப்பாளரான டஸ்டின் லான்ஸ் பிளாக், அது சக்தியை வீணடிக்கும் வேலை என்றார். படத்தில் வேலை செய்தவர்களில் எத்தனையோ பேர் நம்மவர்கள்தானே என்பது அவர் பக்கத்து வாதம். அந்த மாதங்களில் வாசகர்கள் எழுதியவற்றில் கோபத்தைவிட அதிகமாக இருந்தது வேறொன்று. கோபம் சுலபம், எதிரி தெரிந்தால் போதும். இது, தன் வாழ்க்கையின் ஒரு பகுதியைத் தானே திரும்பப் போய்ச் சோதித்துப் பார்க்கும் வேலை. பதின்மூன்று வயதில் அழுதுகொண்டே படித்த அந்தப் பக்கத்தில் அப்போதே இது இருந்ததா? இருந்தும் கண்ணில் படாமல் போனதா? என்னைக் காப்பாற்றியது இதுதான் என்று நம்பினேனே, அந்த நம்பிக்கை இப்போது யாருடையது? கார்டை நேரில் அறிந்த ஒரு வாசகர் 2013 அக்டோபரில் 'வயர்ட்' இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பில் வழிகாட்டி, நண்பர், வெறுப்பாளர் என்ற மூன்று சொல்லும் வரிசையாக நின்றன. முதல் இரண்டையும் அடித்துவிட்டு மூன்றாவதை மட்டும் வைத்துக்கொள்ள அந்த வாசகரால் முடியவில்லை. மூன்றாவதை மறைக்கவும் மனசு வரவில்லை.

இந்தப் பேச்சுமுறை எங்கிருந்து வந்தது? கார்டிடமிருந்துதான். இரண்டாம் நாவலில் எண்டரின் தொழில், செத்தவரைப் பற்றி முழு உண்மையைச் சபையில் நின்று பேசுவது. புகழுரையில் செத்தவரைத் திருத்தி எழுதிவிடுகிறோம் என்ற ஆதங்கத்தில் பிறந்த கற்பனை அது. லுசிடானியா என்ற உலகத்தில் மனைவியை அடித்துக் கொடுமைப்படுத்திச் செத்துப்போன ஒருவனைப் பற்றி எண்டர் பேசுகிறான். அவன் செய்ததில் எதையும் மறைப்பதில்லை; அவனுக்குச் செய்யப்பட்டதையும் மறைப்பதில்லை; ஊரின் பங்கையும் எடுத்து வைக்கிறான். மன்னிப்பும் இல்லை, சாபமும் இல்லை. கேட்டவர்களுக்குத்தான் வலிக்கிறது. முதல் நாவல் நோக்கத்தைப் பார்த்து விடுதலை செய்கிறது என்றால், இந்தப் பேச்சில் நடந்தது என்ன, யாருக்கு நடந்தது என்பதும் சபைக்கு வந்துவிடுகிறது. ஒரே ஆசிரியர், ஒன்றையொன்று இடிக்கும் இரண்டு அறங்கள். பால்புதுமை வாசகர்கள் இரண்டாவதைக் கையிலெடுத்து, முதலாவதின் நிழலில் நிற்கும் ஆசிரியர்மேல் பிரயோகித்தார்கள். மின்கோவிட்ஸ் 2000இல் செய்தது அதுதான், 2013இல் பலர் செய்ததும் அதுதான். ஒரே வித்தியாசம், அந்த ஆள் உயிரோடு இருக்கிறார். எழுந்து பதில் சொல்கிறார்.

ஆகவே 'ஆசிரியனின் மரணம்' பற்றி ஒரு வார்த்தை. பார்த் 1967இல் எழுதியதை எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் சிற்றிதழ்களில் வரிந்துகட்டிக்கொண்டு பேசினோம். எதிர்த்தவர்கள் 'நாங்க உயிரோடதான் இருக்கோம்' என்று கடிதம் போட்டார்கள். பார்த் சொன்னது அர்த்தத்தின் மேல் ஆசிரியருக்குள்ள பட்டா ரத்து என்பதைத்தான். அந்த அளவில் கார்டின் வாசகர்கள் கோட்பாடு படிக்காமலே பார்த்தியர்கள். அலாயின் முத்தத்தை அவர்கள் கேட்டு வாங்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 1969இல் ஃபூக்கோ கேட்ட கேள்வி வேறு: ஆசிரியர் பெயர் என்ன வேலை செய்கிறது? அந்தப் பெயரில் காசு வருகிறது, மேடை வருகிறது, நிர்வாகக் குழுவில் நாற்காலி வருகிறது. பிரபல எழுத்தாளர் என்பதாலேயே அவர் கட்டுரைக்கு இதழில் பக்கம் கிடைக்கிறது. அர்த்தத்தில் செத்தவர் ராயல்டியில் உயிரோடு இருக்கிறார். 'ஆசிரியன் செத்தான்' என்று இந்த வாசகரிடம் போய்ச் சொல்கிறவர், அவர் ஏற்கெனவே செய்து முடித்த வேலையை அவருக்கே பாடமாக எடுக்கிறார். அவர் கேட்கும் கேள்விக்கோ பதில் சொல்வதில்லை.

2020 ஜூனில் ஜே.கே. ரவ்லிங் திருநங்கையர் பற்றி எழுதியபோது, ஹாரி பாட்டரோடு வளர்ந்த திருநர் வாசகர்களுக்கு நேர்ந்ததும் இந்த ரகம்தான், அளவு பல மடங்கு. அங்கே ரசிகர்கள் சேர்ந்து கட்டியது பெரிசு என்பதால் சில காரியங்கள் செய்ய முடிந்தது. நாவலிலிருந்து எடுத்து மைதானத்தில் ஆடிவந்த விளையாட்டின் பெயரை 2022இல் 'குவாட்பால்' என்று மாற்றினார்கள். வணிகமுத்திரைச் சிக்கலும் ஒரு காரணம், ரவ்லிங்கிடமிருந்து விலகிக்கொள்வது இன்னொரு காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். கார்டின் வாசகர்களிடம் மாற்றுவதற்கு அப்படி ஒரு பெயர்கூடக் கிடையாது. அவர்கள் தனித்தனியாகப் படித்தவர்கள், போர்வைக்குள் டார்ச் அடித்து. அதனால் அவர்கள் முடிவுகளும் தனித்தனி: பழைய புத்தகக் கடையில் வாங்குகிறவர் உண்டு, நூலகத்தில் எடுக்கிறவர் உண்டு, அலமாரியில் முதுகைத் திருப்பி வைத்திருக்கிறவரும் இருக்கலாம். எதுவும் சுத்தமான தீர்வில்லை என்பது அவர்களுக்கே தெரியும்.

திரைப்படம் உலகம் முழுக்கச் சுமார் 12.5 கோடி டாலர் வசூலித்தது. செலவு 11 கோடியைத் தொட்ட படத்துக்கு அது தோல்விக் கணக்கு. இரண்டாம் பாகம் வரவில்லை. புறக்கணிப்பால்தான் என்று சொல்ல முடியாது, படமும் சுமார்தான். நாவல் விற்றுக்கொண்டிருக்கிறது.